பெயர் மானேஜர், கையில் துடைப்பம்!

"பேர் பெத்த பேரு, தாகத்துக்கு நீர் லேது" என்று பாட்டிமார் சொல்வார்கள். பட்டம் பெரிது, பலன் பூஜ்யம் என்று அர்த்தம். அமெரிக்காவில் கடை மானேஜர்கள் பலருடைய கதையும் இதுதான்.

அங்கே 1938-ல் பிறந்த தொழிலாளர் சட்டப்படி, வாரத்தில் 40 மணிக்கு மேல் உழைத்தால் மேற்கொண்டு ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரைப் பங்கு கூலி தரவேண்டும். ஆனால் நிர்வாகிகளுக்கு இந்த 'ஓவர்டைம்' கிடையாது. முதலாளிகள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கு மானேஜர் என்று பெயர் சூட்டி, மொத்தமாகச் சம்பளம் பேசிவிட்டால், அறுபது மணி, எழுபது மணி என்று வேலை வாங்கலாமே!

'ஃபேமிலி டாலர்' என்ற மலிவு விலைக் கடைகளில் இதுதான் நடந்தது. மானேஜர்கள் 1,424 பேர் கோர்ட்டுக்குப் போனார்கள். லாரியிலிருந்து சரக்கு இறக்குவது, அலமாரியில் அடுக்குவது, கல்லாவில் நிற்பது, தரையும் கழிவறையும் சுத்தம் செய்வது என்று அவர்களுடைய நேரத்தில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பங்கு கைவேலையிலேயே கழிந்ததாகச் சாட்சியம் வந்தது. எந்தச் சாமானை எங்கே வைப்பது என்பதைக்கூடத் தலைமை அலுவலகம் அச்சடித்து அனுப்பிய புத்தகமே தீர்மானித்தது! 2006-ல் ஜூரிகள் மானேஜர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். நஷ்ட ஈட்டையும் சேர்த்து மூன்றரைக் கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியதாயிற்று. மேல் கோர்ட்டும் 2008-ல் அதையே உறுதி செய்தது.

சரி, ஒருவர் நாள் முழுவதும் என்ன செய்தார் என்பதை எப்படி நிரூபிப்பது? இதற்கென்றே ஒரு சாஸ்திரம் இருக்கிறது. அதற்கு 'வேலைப் பகுப்பாய்வு' என்று பெயர். முதலில், கடையில் நடக்கும் வேலைகளை ஒன்று விடாமல் பட்டியல் போடுவார்கள். பிறகு ஒருவர் குறிப்புப் புத்தகமும் கடிகாரமுமாகக் காலையிலிருந்து மானேஜரின் பின்னாலேயே நடப்பார். கல்லாவில் இருபது நிமிஷம், பெட்டி பிரித்ததில் நாற்பது நிமிஷம், புது ஆளுக்குப் பயிற்சி பத்து நிமிஷம் என்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்வார். ஒரே கடை, ஒரே நாள் போதாது. பண்டிகைக் கூட்டமும் உண்டு, ஈயோட்டும் நாளும் உண்டு. ஆகையால் பல கடைகள், பல நாட்கள் பார்க்கவேண்டும். வெறும் ஞாபகத்தை நம்பினால் வழக்காடுகிறவர் கூட்டிச் சொல்லலாம், முதலாளி குறைத்துச் சொல்லலாம். கடிகாரத்துக்கு அந்த வழக்கம் இல்லை.

முதலாளிகள் பக்கத்திலும் ஒரு வாதம் உண்டு. "கல்லாவில் நிற்கும்போதே மானேஜர் நாலு பேரைக் கண்காணிக்கவில்லையா? அதுவும் நிர்வாகந்தானே?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மத்திய அரசின் சட்டம் அதற்கு ஓரளவு இடம் கொடுக்கிறது. அங்கே மணிக்கணக்கு மட்டும் போதாது, முக்கியமான பொறுப்பு எது என்பதையும் பார்ப்பார்கள். கலிபோர்னியா மாநிலமோ கறார்ப் பேர்வழி. அங்கே பாதி நேரத்துக்கு மேல் நிர்வாக வேலையே செய்திருக்க வேண்டும். 'சேஃப்வே' கடையின் உதவி மானேஜரான ஒரு பெண்மணி தொடுத்த வழக்கில், 2013-ல் அங்குள்ள அப்பீல் கோர்ட்டு, ஒரே காரியத்தை ஒரே சமயத்தில் நிர்வாகமாகவும் கைவேலையாகவும் கணக்கிட முடியாது என்று சொல்லிவிட்டது. எந்த நோக்கத்துக்காகச் செய்தார் என்று பார்த்து, ஏதாவது ஒரு பக்கத்தில்தான் எழுதவேண்டுமாம். அந்தப் பெண்மணிக்கு ஓவர்டைமாக 26,000 டாலருக்கு மேல் கிடைத்தது.

உத்தியோகம் பார்க்கும் சகோதரிகளே, பதவி உயர்வுக் கடிதம் கைக்கு வந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு சின்ன டைரியும் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குப் போனீர்கள், என்னென்ன செய்தீர்கள், எப்போது திரும்பினீர்கள் என்று தினமும் இரண்டு வரி எழுதுங்கள். பட்டத்தை அவர்கள் எழுதட்டும்; கணக்கை நீங்கள் எழுதுங்கள்!