பழைய கார் வாங்குவதும் சரக்கு வாங்குவது போலத்தான்



நம் அங்கத்தினர்களில் கார் வாங்க வேண்டும் என்று பேசுகிற சில்லறைக் கடைக்காரர்கள் இப்போது அதிகம். அதில் தவறு காண ஒன்றுமில்லை. வயதான தாயாரை மழையில் டூவீலரில் வைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவருக்குத்தான் அந்தச் சிரமம் தெரியும். புதுக் கார் விலையோ நமக்கு எட்டாது. கையில் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் இருக்கிறவர் பழைய காரைத்தான் பார்க்க வேண்டும். என் அபிப்பிராயமெல்லாம், அந்தக் காரை எந்தப் பணத்தில் வாங்குகிறோம், எதைப் பார்த்து வாங்குகிறோம் என்பது பற்றித்தான்.

முதலில் பணம். கடைக்காரர்களில் யார் கார் வாங்கினார் என்று எனக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. என் பற்று வரவுப் புத்தகமே சொல்லிவிடும். பதினைந்து நாளில் பில் தீர்த்தவர் நாற்பது நாள் ஆக்குவார். ஐந்து மூட்டை பருப்பு எடுத்தவர் இரண்டு எடுப்பார். அடுத்த மாதம் அவர் கடையில் உளுந்து இருக்கும், கடலைப்பருப்பு இருக்காது. இரண்டு தடவை இல்லை என்று சொல்லி அனுப்பிய வாடிக்கையாளர் மூன்றாம் தடவை அந்தப் படி ஏறுவாரா? சரக்கில் சுழல்கிற முதலை எடுத்து வண்டியில் போட்டால், வண்டி வாசலில் நிற்கும், கடை படுத்துவிடும். எனவே கார் வாங்குவது லாபத்தில் மிஞ்சிய பணமாக இருக்கட்டும், அல்லது வீட்டுச் சேமிப்பாக இருக்கட்டும். மண்டிக்குத் தர வேண்டிய பணமாக இருக்க வேண்டாம். இதை நான் மண்டிக்காரன் என்பதற்காகச் சொல்லவில்லை. (கொஞ்சம் அதற்காகவும்தான்.)

அந்த ஒன்றரை லட்சத்தையும் முழுதாக விலையாகக் கொடுத்துவிடக் கூடாது. ஒன்று இருபதுக்குள் வண்டியை முடித்துவிட்டு முப்பதாயிரத்தைத் தனியே வைக்க வேண்டும். பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், பேட்டரி, டயர், பிரேக், பெல்ட், ஆயில் என்று முதல் மூன்று மாதத்தில் அந்தப் பணம் வேலை செய்யும். இதை வைக்காமல் வாங்கியவர்களின் வண்டிதான் மெக்கானிக் ஷெட்டில் வாரக்கணக்கில் கிடக்கிறது.

இனி வண்டி. நாம் யாரும் மூட்டையின் வாயை அவிழ்த்து மேலே இருக்கிற பருப்பை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. நடுவில் குத்தி மாதிரி எடுக்கிறோம், உள்ளங்கையில் போட்டுத் தேய்க்கிறோம், வாயில் போட்டுக் கடிக்கிறோம். பாலிஷ் போட்ட பருப்பைக் கண்டால் உஷாராகிறோம். அப்படிப்பட்டவர்கள் காரிடம் போனதும் பளபளக்கிற பெயிண்டையும் புது சீட் கவரையும் பார்த்து மயங்கிவிடுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. புது பெயிண்ட் என்றால் அதற்குக் கீழே பட்டி எவ்வளவு என்றல்லவா கேட்க வேண்டும்?

வண்டியைக் காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய்ப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக வைத்திருந்தால், மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சூடான எஞ்சின் பல நோய்களை மறைக்கும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் மாதிரி இருந்தால், தண்ணீர் ஆயிலில் கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். மீட்டரில் 40,000 கிலோமீட்டர் காட்டும், பிரேக் பெடல் ரப்பரோ தேய்ந்து வழவழவென்று இருக்கும். எதை நம்புவது? ரப்பரை நம்புங்கள்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளத்தில் மூழ்கிய கார்களை மறக்கக் கூடாது. அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் வெள்ளம். அப்படிப்பட்ட வண்டி கழுவித் துடைத்து வேறு ஊரில் விலைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கறை தெரியும். மிதியடிக்குக் கீழே உள்ள விரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள். சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். வயரிங்கில் தண்ணீர் புகுந்த வண்டி இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

எந்த வண்டி? தெருவில் அதிகம் ஓடுகிற வண்டி. உதிரி பாகம் நம் ஊர் கடையிலேயே கிடைக்க வேண்டும், எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்ட வேண்டும். அந்த வகையில் ஆல்டோ, வேகன் ஆர் போன்றவை நம் பட்ஜெட்டுக்கு ஏற்றவை. மாருதி 800 நல்ல வண்டிதான், ஆனால் அதன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. அந்த ஆண்டு பதிவான வண்டிக்கே 2029இல் 15 ஆண்டு முடிந்துவிடும். அதற்குப் பிறகு பதிவைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025இல் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. விலை மலிவு என்று பாய்வதற்கு முன் ஆர்.சி.யில் எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். டெல்லி வண்டி, சல்லிசு விலை என்று வருகிறார்கள். அங்கே 10 ஆண்டு தாண்டிய டீசலையும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோலையும் ஓட்ட விடாமல் செய்ததால் தள்ளிவிடுகிற வண்டிகள் அவை. இங்கே கொண்டு வந்தால் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், நம் மாநில வரியும் கட்ட வேண்டும். கூட்டிப் பார்த்தால் மலிவு எங்கே?

ஓம்னியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2019 வரை வந்த வண்டி, மளிகைக் கடைக்கு என்றே செய்தது போல இருக்கும். ஆனால் பின் சீட்டைக் கழற்றிவிட்டு எண்ணெய் டின்னையும் அரிசி மூட்டையையும் ஏற்றினால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். சரக்குக்கு வேண்டும் என்றால் சரக்கு வண்டியாகவே பதிவானதை வாங்குங்கள். கேஸ் கிட் இருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். வீட்டு சிலிண்டரை வைத்து ஓட்டுகிற வண்டிப் பக்கமே போக வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலே பெயர் மாற்றம். "ஃபார்ம் 29, 30இல் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்" என்று கன்சல்டிங்காரர் சொல்வார். எங்கள் தெருவில் ஒருவர் அதை நம்பி இரண்டு வருடம் ஓட்டினார். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் நீங்கவே இல்லை. கடன் பாக்கி என்று ஒரு நாள் ஆட்கள் வந்து வண்டியை எடுத்துப் போனார்கள். ஆகவே முழுப் பணமும் கொடுப்பதற்கு முன், கடன் தீர்ந்ததற்கான கடிதமும் ஃபார்ம் 35-ம் கையில் இருக்க வேண்டும். வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். வண்டி எண்ணைப் போட்டால் பரிவாகன் தளத்தில் கடன், இன்சூரன்ஸ் விவரமெல்லாம் வந்துவிடுகிறது. கட்டாத போலீஸ் அபராதத்தையும் எண்ணை வைத்துப் பார்த்துவிடலாம். கடையில் இருக்கிற பையனிடம் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் பார்த்துச் சொல்வான்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டியை விற்றுவிட்டோம், இனி நமக்கென்ன என்று இருக்காதீர்கள். கை மாறி மாறிப் போன ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்ட ஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் பழைய வண்டி எந்த ஊரில் யாரை இடித்தாலும் சம்மன் உங்கள் கடைக்குத்தான் வரும்.

கன்சல்டிங்கில் வாங்கவே கூடாதா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். அவர்களும் வியாபாரிகளே. அவர்களில் நாணயமானவர்களும் உண்டு. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: 2025 ஜனவரி முதல் பழைய காருக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. என்பது அவர்களுக்குக் கிடைக்கிற லாபத்தின் மேல்தான், முழு விலையின் மேல் அல்ல. முழு விலைக்கும் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனாலும் கன்சல்டிங்காரருக்கு அந்த வண்டியை ஆறு வாரம்தான் தெரியும். பத்து வருடம் ஓட்டியவருக்கு அதன் ஒவ்வொரு சத்தமும் தெரியும். தெரிந்தவர் வண்டிக்குப் பத்தாயிரம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

நம் சங்கத்திலேயே வருடா வருடம் சில பேர் கார் மாற்றுகிறார்கள். அந்த வண்டிகள் கன்சல்டிங்குக்குப் போய், நாலு கை மாறி, நம் அங்கத்தினர் ஒருவரிடமே கூடுதல் விலைக்கு வருகின்றன. சங்க அலுவலகத்தில் ஒரு பலகை வைத்து, விற்க விரும்புகிறவர் வண்டி எண், வருடம், கேட்கும் விலை, செய்த ரிப்பேர் ஆகியவற்றை எழுதிப் போட்டால் என்ன? பொய் எழுதினால் மறுநாள் கடைத் தெருவில் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற பயம் எல்லோருக்கும் இருக்கும். செலவு ஒரு பலகையும் சாக்பீஸும்தான். அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துக்கொள்ளும்படி தலைவர், செயலாளர் இருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.