மூன்றாண்டும் அதே நோயாளிகள்: தென்காசியில் குடும்ப மருத்துவப் பயிற்சி குறித்து எங்கள் நிலைப்பாடு

தென்காசி 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் வரவில்லை. நிலைமை மோசமானவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஹைகிரவுண்டுக்கு, அதாவது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, அனுப்புவதுதான் இன்றும் வழக்கம். கல்லூரி வேண்டும் என்ற கோரிக்கையில் எங்களுக்கும் பங்குண்டு. ஆனால் அது வரும்வரை இங்கே மருத்துவர்களைப் பயிற்றுவிக்க வழியில்லை என்ற பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. குடும்ப மருத்துவத்துக்கு ஏற்ற பள்ளிக்கூடம் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் அதைச் சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களும்தான். தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. குடும்ப மருத்துவம் 3 ஆண்டுப் படிப்பு. 2 ஆண்டு டிப்ளமோவும் 2020-இல் வந்துவிட்டது. கல்லூரி இல்லாத பெரிய மருத்துவமனைகளையும் மனத்தில் வைத்தே இவை வகுக்கப்பட்டன.

எப்படிப் பயிற்றுவிப்பது என்பதில்தான் எங்கள் கவலை. குடும்ப மருத்துவ ரெசிடென்ட் (பயிற்சி மருத்துவர்) ஒவ்வொருவருக்கும் சேர்ந்த முதல் மாதம் தொடங்கி முடிக்கும் மாதம் வரை ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாள் ஓ.பி. இருக்க வேண்டும். அவர் பெயரில் பதிவான குடும்பங்கள் இருக்க வேண்டும். அந்த வாரம் அவருக்குப் பிரசவ வார்டா, குழந்தைகள் வார்டா என்பது பொருட்டல்ல. அந்த ஒரு நாள் மாறக் கூடாது.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? சர்க்கரை நோயை எடுத்துக்கொள்வோம். எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை ஏறத்தாழ 3 மாத சர்க்கரையின் சராசரியைச் சொல்வது. 3 மாதத்துக்கு ஒரு துறை என்று சுழலும் மருத்துவர், தான் மாற்றி எழுதிய மாத்திரை பலித்ததா என்று பார்ப்பதற்குள் இடம் மாறிவிடுகிறார். அடுத்து வருபவர் வேறு மாத்திரை எழுதுகிறார். மருத்துவர் கற்றுக்கொள்வதுமில்லை, நோயாளிக்குச் சர்க்கரை இறங்குவதுமில்லை. நார்வேயில் லட்சக்கணக்கானவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, 15 ஆண்டுகளுக்கு மேல் ஒரே குடும்ப மருத்துவரிடம் இருந்தவர்களிடையே மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் சுமார் கால் பங்கு குறைவாக இருந்தன. நாம் கேட்பது 3 ஆண்டுதான்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் வீட்டுக்கே மாத்திரை கொண்டு சேர்க்கிறது; நல்ல திட்டம். ஆனால் மாத்திரை வீடு தேடி வந்தாலும், அது இவருக்கு இன்னும் சரிதானா என்று யாராவது ஒருவர் பார்த்தாக வேண்டும். ஆலங்குளம், கடையம், கடையநல்லூர்ப் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். மடியில் தட்டை வைத்துக் குனிந்தபடியே பொழுது கழிகிறது. கழுத்துவலி என்று ஓ.பி.க்கு வந்தால் வலி மாத்திரையோடு திரும்புகிறார்கள். இருமல், சோகை, மாதவிடாய்த் தொல்லை, புகையிலைத் தூசியில் விளையாடும் பேரப்பிள்ளை, இவையெல்லாம் ஒரே வீட்டுச் சங்கதிகள்; ஒரு நிமிட ஓ.பி.யில் வெளியே வராது. அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் மூன்றாவது தடவை அதே முகத்தைப் பார்த்தால்தான் பேசத் தொடங்குவார்.

காய்ச்சலும் அப்படித்தான். 2012 டெங்கு கடையநல்லூரை எப்படி ஆட்டிவைத்தது என்று இங்கே யாரும் மறக்கவில்லை. அதனால் எந்தக் காய்ச்சலுக்கும் டெங்கு பரிசோதனை எழுதும் பழக்கம் வந்துவிட்டது. மலையடிவாரத்தில் உண்ணிக் காய்ச்சல் என்று ஊரில் சொல்லும் ஸ்க்ரப் டைபஸும் உண்டு. அக்குளிலோ தொடையிடுக்கிலோ மார்புக்குக் கீழோ, சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். வலிக்காது, அதனால் நோயாளி தானாகச் சொல்லமாட்டார். பார்த்துக் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளினில் பெரும்பாலும் குணமாகும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று போய்விடும். அதைப் பார்க்க என்ன வேண்டும்? ஒரு திரை, கூட ஒரு செவிலியர், மூன்று நிமிடம். ஸ்கேன் இயந்திரம் கேட்பதற்கு முன்னால் ஓ.பி. அறைக்குத் திரை கேளுங்கள் என்கிறோம். ரெசிடென்டின் கையில் லாக்புக் இருக்கும் அளவுக்கு அறையில் மறைப்பும் இருக்க வேண்டும்.

குற்றாலம் சீசனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாரல் விழும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எங்கும் கூட்டம். பாறையில் வழுக்கித் தோள் நழுவியவர், பரோட்டாவுக்குப் பின் வயிற்றுப்போக்கு, பிரஷர் மாத்திரையை ஊரிலேயே விட்டுவிட்டு வந்த பெரியவர் என்று எல்லாரும் வருவார்கள். 2024 மே 17-இல் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. சீசன் தொடங்குமுன்பே ஆபத்து வரலாம் என்று அது காட்டியது. நெஞ்சுவலியோடு வருபவருக்கு ‘இதயம் காப்போம்’ திட்டப்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8, ஆக 14 மாத்திரை கொடுத்து அனுப்பலாம். கொடுப்பதா, ரத்தக்கசிவு அபாயம் உண்டா, எங்கே அனுப்புவது என்று சில நிமிடங்களில் முடிவெடுப்பது பெரிய பாடம். ரெசிடென்டுகள் சீசன் டூட்டிக்குப் போகட்டும், ஆனால் அனுபவமுள்ள மருத்துவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். சுற்றுலாக் கூட்டத்துக்காக எல்லா ரெசிடென்டுகளையும் அள்ளிக்கொண்டு போய், சொந்த ஊர் ஓ.பி.யை மூன்று மாதம் காலியாக விடுவதை எதிர்க்கிறோம்.

இதற்கு வரும் மறுப்பு எங்களுக்குத் தெரியும்: “டாக்டரே பற்றாக்குறை, ரெசிடென்டும் வாரம் ஒரு நாள் வெளியே போனால் வார்டை யார் பார்ப்பது?” நியாயமான கேள்வி. ஆனால் பயிற்சிக்கு வந்தவரைக் காலிப் பணியிடத்தில் ஒட்டுப்போடுவதால்தான் அந்தக் காலியிடம் நிரப்பப்படாமலே கிடக்கிறது. ரெசிடென்டுகளைப் பணியிடக் கணக்கில் சேர்க்கக் கூடாது. “சின்ன டாக்டரிடம் நாங்கள் சோதனைப் பொருளா?” என்று நோயாளிகள் கேட்பதும் நியாயமே. புதிதாக வந்த ரெசிடென்ட் பார்க்கும் ஒவ்வொருவரையும் மூத்த மருத்துவர் அன்றே ஒருமுறை பார்க்கட்டும். அனுபவம் கூடக்கூட இதைத் தளர்த்தலாம். தன்னைப் பயிற்சி மருத்துவர்தான் பார்க்கிறார் என்று நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்பவருக்கு மறுக்கும் உரிமை உண்டு.

தேர்ச்சியை அளக்கும்போது ஆய்வேட்டோடு இதையும் பாருங்கள்: அவர் பெயரில் பதிவான பிரஷர்காரர்களில் எத்தனை பேருக்குப் பிரஷர் கட்டுக்குள் வந்தது, ஹைகிரவுண்டுக்கு அனுப்பியவர்களில் எத்தனை பேருடைய டிஸ்சார்ஜ் சீட்டு திரும்பி வந்து குறிப்பில் ஏறியது.

கடைசியாக, படித்து முடித்தவருக்கு இங்கே வேலை இருக்க வேண்டும். செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில் அரசு மருத்துவமனைகளில் குடும்ப மருத்துவ நிபுணர் என்ற பெயரிலேயே பணியிடம் உருவாக்குங்கள். இல்லாவிட்டால் தென்காசியில் பயின்றவர் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போவார். நாம் அடுத்த ரெசிடென்டுக்குக் காத்திருப்போம். வரும் நிதியாண்டிலேயே இந்த மூன்று இடங்களில் தொடங்க வேண்டும் என்று மக்கள் நல்வாழ்வுத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.