சொல்லின் கதை: 'பொறெஸ்ற்'

'பொறெஸ்ற்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் யாது என்று வன்னி மாணவர் எவரை வினவினும், 'காடு' என்று உடனே விடை வரும். பரீட்சைக்கு அவ்விடை போதும். ஆயினும் அச்சொல்லின் பிறப்பை ஆராயின், அதிலே மரத்தைக் காணோம், வேலியையே காண்கிறோம்.

இலத்தீன் மொழியிலே 'போறிஸ்' என்பது 'வெளியே' எனப் பொருள்படும். இச்சொல் அதன்வழி வந்ததென்பர் அறிஞர் பலர். அரசனது வேட்டைக்கென ஒதுக்கி, பொதுச் சட்டத்துக்குப் புறம்பாக வைத்த நிலமே பொறெஸ்ற். 1066ஆம் ஆண்டில் இங்கிலாந்தை வென்ற நோர்மன் மன்னர் இச்சொல்லையும் அதற்குரிய சட்டத்தையும் அங்கே நாட்டினர். மரம் நிறைந்த இடத்தைச் சுட்ட, 'வுட்' என்னும் சொல் ஆங்கிலேயரிடம் முன்னரே இருந்தது. பொறெஸ்ற் எல்லைக்குள்ளோ வயல்களும் ஊர்களுங்கூட அடங்கின. அங்கே மானைக் கொன்ற குடியானவனுக்குக் கொடுந்தண்டனை காத்திருந்தது. மானுக்காக எவரும் உயிரோ உறுப்போ இழத்தலாகாது என விதித்து, மேய்ச்சல் முதலிய உரிமைகளையும் மக்களுக்கு உறுதிசெய்தது 1217ஆம் ஆண்டின் வனப் பட்டயம்.

நமது 'காடு' வேறு வகையினது. மக்கள் வாழும் ஐந்திணையுள் ஒன்றாகவே முல்லையை நம் முன்னோர் வகுத்தனர். கொங்கு நாட்டார் இன்றும் தம் புன்செய் நிலத்தைக் 'காடு' என்பர். வன்னியிலோ மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம் என்னும் ஊர்ப்பெயர்களே, காட்டிடையே குளத்தை அண்டி வாழ்ந்த கதையைக் கூறும். பாலைப்பழமும் தேனும் விறகும் அம்மக்களுக்குக் காடு தந்த செல்வங்கள்.

ஆங்கிலேயர் இலங்கைக்கு அந்தப் பழைய வேலியையும் கொணர்ந்தனர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காடும் தரிசும் பயிரிடாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியனவாகக் கொள்ளப்பட்டன. நிரூபிக்கும் சுமை குடியானவன் தலைமேல் விழுந்தது.

இது வெறும் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. போரினால் இடம்பெயர்ந்த வன்னி மக்கள் 2009ஆம் ஆண்டின் பின்னர் மீண்டபோது, உழவின்றிக் கிடந்த காணிகள் பல பற்றை மண்டி, மரமும் எழுந்து நின்றன. தாம் முன்னர் உழுத நிலம் வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கற்களுக்குள் அகப்பட்டுவிட்டதென வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் மக்கள் முறையிட்டுள்ளனர். காட்டைக் காத்தல் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. காடழிந்தால் மண் கரைந்து குளங்கள் தூர்ந்துபோம். ஆயின், பாலையும் முதிரையும் வீரையும் நெடுங்காலம் ஓங்கி நின்ற காட்டையும், உழுதவன் ஊரில் இல்லாத காலத்தில் முளைத்த பற்றையையும் ஒரே சொல்லால் அழைத்தல் நீதியாகுமா?

மாணவர்களே, உங்கள் ஊர்ப் பெரியோரிடம் பழைய வரம்பும் கிணறும் வாய்க்காலும் இருந்த இடங்களைக் கேட்டு எழுதி வையுங்கள். இன்று மரம் நிற்பதை எவரும் கண்ணாற் காண்பர். அங்கே அன்று நெல் விளைந்ததை, அறிந்தவர் சொல்லியே பிறர் அறிதல் கூடும்.