சிறு படமும் பெரு மருந்தும்



ஜேடர்பாளையத்துப் பிள்ளைகள் வரைந்த படங்களைச் சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டோம். காவிரித் தடுப்பணை, வெல்லம் காய்ச்சும் கொப்பரை, வெற்றிலைக் கொடிக்கால் என அவரவர் கண்டதையே வரைந்திருந்தனர். அவற்றை விற்று, வரும் பொருளைக் காசநோய் ஆராய்ச்சிக்கு அனுப்பலாம் என்று அறிவித்தோம். உடனே ஆலைக்காரப் பெரியவர் ஒருவர் எழுந்தார்.

“சாமி, எங்க தெருவுலயே ஒருத்தன் இருமிக்கிட்டுக் கெடக்கறானுங்க. அவனுக்குக் குடுக்காம, எங்கியோ நடக்கற ஆராய்ச்சிக்கு எதுக்குங்க?”

நியாயமான கேள்வி. அன்று நம்மால் தக்க விடை கூற இயலவில்லை. இப்பொழுது கூற முயல்கிறோம்.

படம் விற்று நோயை எதிர்க்கும் வழக்கம் புதிதன்று. டென்மார்க்கு நாட்டில் ஐனார் ஹோல்பெல் என்ற அஞ்சல் ஊழியர், கிறிஸ்து பிறப்பு வாழ்த்துக் கடிதங்கள் மலைபோலக் குவிவதைக் கண்டார். ஒவ்வொரு கடிதத்திலும் தபால்தலையோடு ஒரு சிறு பட வில்லையையும் மக்கள் வாங்கி ஒட்டினால், காசநோயாளருக்கு உதவலாமே என எண்ணினார். 1904-ஆம் ஆண்டு முதல் வில்லை வெளிவந்தது. 1907-இல் அமெரிக்காவின் வில்மிங்டன் நகரில், சிறு காசநோய் மருத்துவமனையொன்று 300 டாலர் இன்றி மூடப்படும் நிலையில் இருந்தது. அங்குப் பணியாற்றிய மருத்துவரின் உறவினரான எமிலி பிசெல் அம்மையார், தாமே ஒரு வில்லையை வரைந்து, ஒன்று ஒரு சென்ட் வீதம் விற்கச் செய்தார். தொடக்கத்தில் விற்பனை மந்தமே. பின்னர்ச் செய்தித்தாள் ஒன்று துணைநிற்க, 3,000 டாலர் சேர்ந்தது. அவ்வில்லைகள் ஈட்டிய பொருளில் ஒரு பகுதி பிற்காலத்தில் ஆராய்ச்சிக்கும் பயன்பட்டது.

ஆராய்ச்சி ஏழைக்கு என்ன தரும் என்பதற்கு நம் சென்னையே சான்று. முன்னாளில் காசநோய் என்றால் சானடோரியம்தான். பெருந்துறையைப் பற்றி நம் பக்கத்து முதியோர் இன்றும் சொல்வர். ஆனால் நோயாளிகள் பலர், கட்டில்களோ சில. 1956-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற ஆய்வு நிலையம் 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டது. ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும், மறு பிரிவினருக்கு நெருக்கடியான தம் வீடுகளிலும், ஓராண்டு ஒரே மருந்துகள் கொடுக்கப்பட்டன. சத்துணவும் ஓய்வும் பெற்றவருக்கும் ஏழைக் குடிசையில் இருந்தவருக்கும் மருந்தின் பயன் ஏறத்தாழ ஒன்றே என்று 1959-இல் வெளியான முடிவு காட்டியது. வீட்டில் மருந்துண்டவரால் குடும்பத்தாருக்குத் தொற்றும் அபாயம் மிகவில்லை என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. உலகெங்கும் சானடோரியங்களின் தேவை குறைந்தது.

அந்த ஆய்வை நடத்தியது வில்லைக் காசு அன்று. அரசுகளும் உலகச் சுகாதார நிறுவனமும் துணைநின்றன. ஆயினும், பெரியவரின் தெருவில் இருமுகிறவர் தம் வீட்டிலிருந்தபடியே குணமடையலாம் என்ற நிலை யாரால் வந்தது? தமக்கு முகமறியாத அந்த 193 பேரால் அன்றோ! இன்றும் உலகக் காசநோயாளரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் நம் நாட்டவர். நம் குழந்தைகளுக்குப் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பு மருந்தோ 1921-இல் பயனுக்கு வந்தது. தேடல் முடியவில்லை.

ஆகவே நம் விடை இதுதான்: தெருவிலுள்ள நோயாளிக்குச் செய்வதை விட்டுவிட்டு இதைச் செய்யவேண்டாம். அவரை முதலில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சளிப் பரிசோதனையும் மருந்தும் அங்கு இலவசம். ஆராய்ச்சிக்குக் கொடுப்பதோ, இனி நோயுறப் போகும் பிள்ளைக்குக் கொடுப்பதாகும். இரண்டும் நம் கடனே.

இங்கே நம் குறை ஒன்றையும் ஒப்புக்கொள்கிறோம். பள்ளிப் பருவத்தில் காசநோய் வில்லைத் தாள் ஒன்றை விற்கக் கொடுத்தார்கள். வீடு வீடாகச் செல்ல வெட்கப்பட்டு, தந்தையாரிடம் காசு வாங்கிக் கட்டிவிட்டு, வில்லைகளைப் புத்தகத்துள் ஒளித்துவிட்டோம். காசு போய்ச் சேர்ந்தது, செய்தி சேரவில்லை. நோயை மறைத்தே வாழும் வீடுகளில் அந்நோயின் பெயரை வெட்கமின்றிப் பேசவைப்பதும் படத்தின் வேலை என்பது அன்று நமக்குத் தெரியாது.

மறு ஞாயிறு அப்பெரியவர் வந்து கொப்பரைப் படத்தை வாங்கினார். “இருமறவனை நாளைக்குக் கூட்டிக்கிட்டுப் போறனுங்க சாமி” என்றார். படத்தை எங்கே மாட்டுவீர்கள் என்று கேட்டோம். ஆலைக் கொட்டகையில், வேலையாட்கள் எல்லாரும் பார்க்கும் இடத்தில் என்றார்.

நீங்கள் வாங்கும் படத்தையும் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள்.