வேலைக்காரியா, அடிமையா?

ஹோமரின் 'ஒடிஸி'யை நம்மில் பெரும்பாலோர் இங்கிலீஷ் வழியாகத்தான் படித்திருக்கிறோம். ஆகவே, அந்த மொழிபெயர்ப்பாளர்களோடு வழக்காட நமக்கும் பாத்தியதை உண்டு.

ஒடிஸியஸின் வீட்டில் ஐம்பது பெண்கள் வேலை செய்கிறார்கள். மூலம் அவர்களைத் 'திமோவாய்' என்கிறது. அடிமைப் பெண்கள் என்று அர்த்தம். ஆனால் இங்கிலீஷில் பலரும் அவர்களை 'மெய்ட்' ஆக்கிவிட்டார்கள். மெய்ட் என்றால் யார்? சம்பளம் வாங்குகிறவள், பிடிக்காவிட்டால் கணக்குத் தீர்த்துக்கொண்டு போகக்கூடியவள்.

22ஆம் காண்டத்தில் இவர்களில் 12 பேரை டெலிமாக்கஸ் கயிற்றில் தொங்கவிடுகிறான். எஜமானியை மணக்க வந்து வீட்டிலேயே தங்கிவிட்ட பிரபுக்களோடு படுத்தார்கள் என்பது குற்றம். 'மெய்ட்' என்று படித்தவன், "நடத்தை கெட்டவர்கள், வேண்டியதுதான்" என்று பக்கத்தைப் புரட்டுவான். 'அடிமை' என்று படித்தவன்தான், "மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு இடம் இருந்ததா?" என்று கேட்பான். அதே காண்டத்தின் தொடக்கத்தில், பலவந்தமாக என் அடிமைகளோடு படுத்தீர்கள் என்று அந்தப் பிரபுக்கள்மேல் குற்றம் சாட்டுகிறவன் ஒடிஸியஸேதான்! ஹோமர் எதையும் ஒளிக்கவில்லை. செவிலி யூரிக்ளியாவை வாங்கக் கொடுத்த விலை 20 மாடுகள் என்றுகூடச் சொல்லிவிடுகிறார்.

2017இல் 'ஒடிஸி' முழுவதையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட முதல் பெண்மணியான எமிலி வில்சன், அடிமையை அடிமை என்றே எழுதினார். இது இந்தக் காலத்து அரசியல் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. இருப்பதை இருக்கிறது என்று சொல்வது எந்தக் காலத்து அரசியல், ஐயா?

இதற்கு மறுபக்கமும் பாருங்கள். பவுல் தம் நிருபத்தில் பெபேயாளை 'டியாக்கனோஸ்' என்கிறார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவமுள்ள சொல். 1611இன் ஜேம்ஸ் மன்னர் பைபிளில் அவள் 'சர்வன்ட்'. அதே சொல்லைப் பெற்ற தீகிக்கு என்ற ஆண்பிள்ளையோ 'மினிஸ்டர்'! 1989இல் வந்த திருத்திய பதிப்பு ஒன்றில்தான் அவளுக்கு 'டீக்கன்' பட்டம் கிடைத்தது.

அடிமையை வேலைக்காரியாக உயர்த்தினார்கள். சபையின் ஊழியரை வேலைக்காரியாகத் தாழ்த்தினார்கள். இரண்டு இடத்திலும் பெண்ணுக்குக் கிடைத்தது ஒரே சமையலறைதான். அகராதி இடம் கொடுத்ததே என்பார்கள். அகராதி பல சொற்களைக் காட்டும். அவற்றில் ஒன்றை எடுக்கிற கை மொழிபெயர்ப்பாளருடையது. அந்தப் பன்னிரண்டு பேரின் கழுத்துக்கும் அந்தக் கைதான் பதில் சொல்ல வேண்டும்.