துறை சேரும் மடிக்கணினி

மடியில் வைத்துப் பணி செய்வதற்கென்றே அமைந்த கருவி, மடியிலும் மேசையிலும் நம்மைக் குனிய வைத்துவிட்டது. திரையும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், கைகளுக்கேற்ற உயரத்தில் மடிக்கணினியை வைத்தால் கழுத்து தாழ்கிறது. கண்களுக்கேற்ற உயரத்தில் ஏற்றி வைத்தால் தோள்கள் நோகின்றன. 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின்னர் வீட்டிலிருந்தே அலுவலகக் கணக்குகளைப் பார்த்துவரும் நம் துணைவியார், மாலைதோறும் பிடரியைத் தடவிக்கொண்டே எழுந்திருப்பதைக் கண்டோம். பெரிய திரை, தனி விசைப்பலகை, சுட்டி, இவற்றையெல்லாம் ஒரே கேபிளால் மடிக்கணினியுடன் சேர்க்கும் 'டாக்கிங் ஸ்டேஷன்' ஒன்றை வாங்குவதென முடிவாயிற்று. அதில் நாம் பட்ட பாடு வாசகர்களுக்கும் பயன்படும் என்று கருதியே இதனை எழுதுகின்றோம்.

'டாக்' என்பது கப்பல் வந்து நிற்கும் துறை. கலம் கடலில் தனியே செல்லும். துறை சேர்ந்தபின் அதற்கு வேண்டியவையெல்லாம் கரையிலிருந்து கிடைக்கும். பெயர் வெகு பொருத்தமானதே. 1992-இல் ஆப்பிள் நிறுவனம் 'பவர்புக் டுவோ' என்னும் மெல்லிய மடிக்கணினியை வெளியிட்டபோது, வீடியோ கேசட்டை விழுங்குவதுபோல் அதனை உள்வாங்கிக்கொள்ளும் பெட்டி ஒன்றையும் உடன் விற்றது. பிற நிறுவனங்களும் தத்தமக்கெனத் துறைகள் அமைத்தன. ஒன்றின் துறை மற்றொன்றின் கலத்திற்குப் பொருந்தாது. 2014-இல் 'யு.எஸ்.பி. சி' என்னும் நீள்வட்ட வாய் வகுக்கப்பட்ட பின்னரே மின்சாரம், தகவல், காட்சி மூன்றும் ஒரே கேபிளில் செல்லும் பொதுவழி பிறந்தது.

அவ்வாயின் வடிவத்தைக் கண்டே நாம் ஏமாந்தோம். வாங்கி வந்த டாக்கை இணைத்தோம். விசைப்பலகை இயங்கிற்று, சுட்டி நகர்ந்தது, பெரிய திரையோ இருண்டே கிடந்தது. வாய் ஒரே வடிவினதாயினும் அதன் ஆற்றல் கணினிக்குக் கணினி வேறுபடும் என்பதை அன்றுதான் அறிந்தோம். துணைவியாரின் கணினியில் உள்ள வாய் தகவலை மட்டுமே கடத்தும், காட்சியைக் கடத்தாது. பெட்டியைப் பிரித்துவிட்டால் திரும்பப் பெறுவதில்லை என்று கடையில் கூறிவிட்டனர். கேளாமல் வாங்கியது நம் பிழையன்றோ!

ஆகவே வாங்குமுன் அவ்வாயின் அருகில் என்ன குறி உள்ளது என்று நோக்குக. மின்னல் அம்புக்குறி இருப்பின் அது பெரும்பாலும் 'தண்டர்போல்ட்', காட்சி செல்லும். 'டிஸ்ப்ளேபோர்ட்' குறி இருப்பினும் செல்லும். குறி ஏதுமில்லையெனில், கணினியின் மாதிரி எண்ணைக் கொண்டு நிறுவனத்தாரின் விவரக் குறிப்பைப் படித்தல் வேண்டும். தகவல் வழியாகவே காட்சியை அனுப்பும் 'டிஸ்ப்ளேலிங்க்' வகை டாக்குகளும் உள்ளன. அவற்றுக்குத் தனி மென்பொருள் நிறுவ வேண்டும். அலுவலகம் கொடுத்த கணினியாயின் முன்னரே அனுமதி கேட்பது நலம். நாம் அவ்வகையில் ஒன்றையே பின்னர் வாங்கினோம். முதலில் வாங்கியது தமையன் மகனின் கணினிக்கு ஒத்துப்போனதால் அவனிடம் சென்றது. இரண்டு திரை வேண்டுவோர் இன்னும் கவனமாயிருத்தல் நன்று. 2020-இல் வந்த 'எம்1' மேக்புக் ஏர் இயல்பாக ஒரேயொரு வெளித்திரையையே ஏற்கும். சாதாரண டாக் எதுவும் அதனை மாற்றாது.

மின்சாரக் கணக்கு எளிது. மடிக்கணினியுடன் வந்த சார்ஜரில் 65 வாட் என்றிருந்தால், டாக் கணினிக்குத் தரும் அளவும் அதற்குக் குறையலாகாது. பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 100 வாட்டில் ஒரு பங்கை டாக் தனக்கே எடுத்துக்கொள்வதுண்டு. கேபிளும் டாக்குடன் வந்ததாகவே இருக்கட்டும். நம் மகள் ஒருநாள் கைப்பேசியின் கேபிளை மாற்றிச் செருகிவிட, அது வெறும் சார்ஜ் ஏற்றும் கேபிளாகையால் திரை மீண்டும் இருண்டது, அரைநாள் தேடினோம்.

இணைக்கும்போது டாக்கிற்கு முதலில் மின்சாரம், பின்பு திரையும் பிறவும், இறுதியில் மடிக்கணினி என்ற ஒழுங்கு குழப்பத்தைத் தவிர்க்கும். விண்டோஸ் விசையுடன் 'பி' எழுத்தை அழுத்தினால் காட்சியை நீட்டிக்கும் வழி தோன்றும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலும், திரை ஒரு கை நீளத் தொலைவிலும் இருக்கட்டும். கம்பியில்லாச் சுட்டி தத்தளித்தால் அதன்மேல் பழி வேண்டா, யு.எஸ்.பி. 3 வாய்களின் அலைக்கசிவு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கலைப்பதுண்டு. அதன் சிறு ஏற்பியைச் சற்றுத் தள்ளிச் செருகினால் போதும்.

பெரிய இழப்பு பிறகு வந்தது. பாட்டியாரின் எண்பதாம் பிறந்தநாள் படங்களை, டாக்கில் செருகியிருந்த வெளிவட்டில் சேர்த்துக்கொண்டிருந்த வேளையில், தன் வகுப்பிற்கு நேரமாயிற்றென்று மகன் அந்த ஒற்றைக் கேபிளைப் பிடுங்கிக்கொண்டு மடிக்கணினியுடன் ஓடிவிட்டான். வட்டு அதன்பின் திறக்கவில்லை. புதிய படங்கள் கேமராவில் இருந்தன. வட்டில் முன்பே இருந்த பழையவற்றுள் ஒரு பகுதியே மீண்டது. பாட்டனாருடன் அவர் நிற்கும் படங்கள் மீளாதவற்றுள் அடங்கும். பாட்டியார் ஒன்றும் சொல்லவில்லை. மகன்தான் இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை.

ஒற்றைக் கேபிள் என்னும் வசதியே இங்கு ஆபத்து. அதனைப் பிடுங்கினால் திரை மட்டுமன்று, வட்டும் பென்டிரைவும் ஒருசேர அறுபடும். எனவே வெளிவட்டைக் கணினியில் முறைப்படி விடுவித்த பின்னரே கழற்றுதல் வேண்டும். மின்தடையிலும் இதே நிலைதான்: மடிக்கணினிக்கு மின்கலம் உண்டு, டாக்கிற்கு இல்லை. இப்பொழுது நம் இல்லத்தில் டாக் இன்வெர்ட்டர் வழியில் மாற்றப்பட்டுள்ளது. கேபிளின் முனையில் மகனே ஒரு சிவப்பு நூலைக் கட்டி வைத்திருக்கின்றான்.