பெங்களூரு சமூகப் பள்ளிகளில் பெருநிறுவனத் தன்னார்வலர்கள்: ஒரு நாள் வருகை போதுமா?

பெங்களூரு: தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் ஊழியர்கள், ஏழைக் குழந்தைகள் பயிலும் பள்ளிகளுக்குச் சென்று பாடம் சொல்லிக் கொடுப்பதும், சுவர்களுக்கு வண்ணம் தீட்டுவதும், விளையாட்டுப் போட்டிகள் நடத்துவதும் பெங்களூருவில் வழக்கமாகிவிட்டது. நல்லெண்ணத்துடன் நடைபெறும் இந்தச் சந்திப்புகளால் குழந்தைகளுக்கு நிலையான பலன் கிடைக்க வேண்டுமெனில், வருபவர்களின் எண்ணிக்கையை விட அவர்கள் மீண்டும் வருகிறார்களா என்பதே முக்கியம்.

சட்டம் சொல்வது என்ன?

நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 135-வது பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டும் நிறுவனங்கள், முந்தைய 3 நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். ஊழியர்கள் இப்பணிகளில் பங்கேற்பது ஊக்குவிக்கப்பட வேண்டும் என்றாலும், அவர்களின் ஊதியமில்லா உழைப்பைப் பணமாகக் கணக்கிட்டு இச்செலவில் சேர்க்க இயலாது என்று மத்திய அரசு 2016 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. அதாவது, சட்டம் பணத்தை அளக்கிறது. தன்னார்வலருக்கும் குழந்தைக்கும் இடையிலான உறவு அந்தக் கணக்கில் வருவதில்லை.

பெங்களூருவின் அனுபவம்

பெங்களூருவில் 2003-ஆம் ஆண்டு சுக்லா போஸ் தொடங்கிய பரிக்ரமா அமைப்பின் முதல் பள்ளி, குடிசைப் பகுதிக் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில் 165 குழந்தைகளுடன் செயல்படத் தொடங்கியது. கல்வியுடன் உணவு, மருத்துவ உதவி ஆகியவற்றையும் வழங்கி, குழந்தைகளுக்கு நீண்டகாலம் துணை நிற்பதே அதன் அணுகுமுறை. இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இ-வித்யாலோகா அமைப்பின் தன்னார்வலர்கள், தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களின் கிராமப்புறப் பள்ளி மாணவர்களுக்கு இணையவழியில் அவர்களின் மொழியிலேயே வகுப்பெடுக்கின்றனர். அணுகுமுறைகள் வேறுபட்டாலும், இரண்டுக்கும் அடிப்படை தொடர்ச்சியே.

காலமே அளவுகோல்

அமெரிக்காவில் தன்னார்வ வழிகாட்டிகளுடன் இணைக்கப்பட்ட வளரிளம் பருவத்தினர் குறித்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இங்கு கவனிக்கத்தக்கது. ஓராண்டு அல்லது அதற்கு மேல் நீடித்த உறவுகள் அதிகப் பலன் தந்தன. மாறாக, 3 மாதங்களுக்குள் முறிந்த உறவுகளில், சிறார்களின் தன்மதிப்பும் படிப்பில் கொண்டிருந்த நம்பிக்கையும் சரிந்தன.

சுவருக்கு வண்ணம் தீட்டிவிட்டுச் செல்பவர் குழந்தைக்கு எந்த வாக்குறுதியும் அளிப்பதில்லை. ஆனால் 'அண்ணா', 'அக்கா' என்று அழைக்கும் அளவுக்கு நெருங்கிப் பழகிவிட்டு, பணி மாற்றத்தாலோ வேலைப் பளுவாலோ சொல்லாமல் நின்றுவிடுபவர், குழந்தையின் மனதில் ஏமாற்றத்தை விட்டுச் செல்கிறார்.

தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் மற்றொரு சான்று. இதன் தன்னார்வலர்கள் பெரும்பாலும் அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையுடன் மாலை நேரங்களில் வகுப்பு நடத்தினர். பள்ளிகள் மீண்டும் திறந்த பிறகு, கொரோனா கால கற்றல் இழப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு 6 மாதங்களுக்குள் மீட்கப்பட்டதாகவும், அம்மீட்சியில் சுமார் 24 சதவீதம் இத்திட்டத்தால் விளைந்ததாகவும் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஊக்கத்தொகை பெறும் உள்ளூர்த் தன்னார்வலரையும் அலுவலக ஊழியரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. எனினும், அடுத்த நாளும் அதே முகத்தைக் காண்பதன் பலனை இது உணர்த்துகிறது.

பள்ளிகள் கேட்க வேண்டியவை

நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் தன்னார்வலர்களின் எண்ணிக்கையும் பணி நேரமும் இடம்பெறுவது வழக்கம். ஒரு கல்வியாண்டு முழுவதும் அதே பள்ளிக்குத் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் அவை வெளியிடலாம். வருபவர் எத்தனை மாதங்கள் வருவார், ஆசிரியரின் பாடத்திட்டத்துடன் அவரது பணி எவ்வாறு இணையும், விலக நேர்ந்தால் குழந்தைகளிடம் நேரில் சொல்லி விடைபெறுவாரா என்ற மூன்று கேள்விகளைப் பள்ளிகளும் முன்கூட்டியே கேட்க வேண்டும். நன்கொடை கிடைக்காமல் போய்விடுமோ என்ற தயக்கம் பள்ளிகளுக்கு இருக்கலாம். ஆனால், இந்தக் கேள்விகளைக் கேட்கும் நிலையில் குழந்தைகள் இல்லை என்பதால், அந்தப் பொறுப்பு பள்ளிகளையே சாரும்.